பொறியாளர் தொடங்கிய தடுப்பூசி நிறுவனம்

கேள்வி: மின்னணுப் பொறியியல் படித்தவன் நான். உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்க முடியுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தாராளமாக முடியும். ஹைதராபாத்தின் கே.ஐ. வரபிரசாத் ரெட்டியும் உங்களைப் போலப் பொறியாளர்தான். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி அன்று இறக்குமதிச் சரக்கு; ஒரு ஊசிக்கே பல நூறு ரூபாய். அதன் தொழில்நுட்பத்தைக் கேட்டுப்போன இடத்தில் அவருக்கு அவமானம்தான் கிடைத்தது. 1993-ல் தாயார் பெயரில் ‘சாந்தா பயோடெக்னிக்ஸ்’ தொடங்கினார். சொந்த ஆய்வகம் கிடையாது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டு வாங்கி, விஞ்ஞானிகளை அமர்த்தினார். முதலீடு ஓமானிலிருந்து வந்தது. வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை ஈஸ்ட் செல்லுக்குள் செலுத்தி, அது உருவாக்கும் புரதத்தைப் பிரித்துத் தூய்மைப்படுத்த வேண்டும். அதற்கே ஆண்டுகள் பிடித்தன. 1997-ல் அந்தத் தடுப்பூசி ‘ஷான்வாக்-பி’ என்ற பெயரில் சுமார் 50 ரூபாய்க்கு வந்தது. எத்தனை ஏழைக் குழந்தைகளுக்கு எட்டிய விலை அது! எனக்கு அவர்மீது மதிப்பு வந்ததே அதனால்தான். 2009-ல் நிறுவனம், பன்னாட்டு மருந்து நிறுவனமான சனோஃபியின் வசமானது.

நீங்கள் இன்னொரு பட்டம் வாங்க வேண்டாம். நல்ல விஞ்ஞானி ஒருவரைக் கூட்டாளியாக்குங்கள். விற்பனையே இல்லாத முதல் சில ஆண்டுகளுக்குப் பணம் ஏற்பாடு செய்யுங்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப உதவி அமைப்பான ‘பைராக்’ தொடக்கநிலை யோசனைகளுக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது; முதலில் அங்கே விண்ணப்பியுங்கள்.