மாடு மேய்ந்த இடத்தைக் கேளுங்கள்

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி, "மேடம், மாட்டு டாக்டருக்குப் படிச்சிட்டு கெமிக்கல் பக்கம் எப்படிப் போனீங்க?" என்பதுதான். நான் வழிமாறிப் போய்விட்டதாக நினைக்கிறார்கள். வடசென்னையின் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கொஞ்ச காலம் மாடு பார்த்திருந்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. அங்கே ரசாயனம் நம் வாசலுக்கே வந்து நிற்கும்.

என்னை இந்தத் துறைக்குள் தள்ளியது திருவொற்றியூரில் ஒரு கறவை மாடு. "காலைல நல்லாதான் மேஞ்சுது டாக்டரம்மா, இப்ப செவுத்துல போயி முட்டிக்கினே நிக்குது" என்றார் மாட்டுக்காரர். பார்வை போயிருந்தது, காது துடித்தது, பல்லை நறநறவென்று கடித்தது. வெறிநோய் என்று பயந்து தெருவே விலகி நின்றது. எங்கே மேய்ந்தது என்று கேட்டேன். பழைய பேட்டரிகளை உடைக்கும் ஒரு கொட்டகையின் பின்பக்கத்தைக் காட்டினார். சில ஈய உப்புகள் இனிக்கும், மாடு விரும்பி நக்கும். ரத்தப் பரிசோதனையும் ஈயத்தையே சொன்னது. அன்று என்னை உலுக்கியது வேறொன்று. அந்த மாட்டின் பால் அதே தெருவில் எத்தனையோ குழந்தைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாலிலும் ஈயம் இறங்கும்; வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவென்று எதுவும் கிடையாது. மாட்டுக்கு மருந்து கொடுத்ததோடு என் வேலை முடியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதன்பின் கால்நடை மருந்தியல், நச்சியலில் முதுகலை படித்தேன். பிறகு ரசாயனங்களைச் சோதிக்கும் ஒரு ஆய்வகம், அங்கிருந்து தொழிற்சாலைகளின் ரசாயனப் பாதுகாப்பு என்று பாதை நீண்டது. ஆய்வகத்துக்குப் போக விரும்புகிறவர்கள் ஜி.எல்.பி. எனப்படும் நல்லாய்வக நடைமுறையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். இந்தியாவில் இதற்கான தேசியக் கண்காணிப்பு அமைப்பு 2002-இல் தொடங்கியது. 2011 முதல், இந்தச் சான்று பெற்ற நம் ஆய்வகங்களின் சோதனை முடிவுகளை ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் நாடுகளும் ஏற்கின்றன. அதனால் நீங்கள் கையெழுத்திடும் ஒவ்வொரு தாளும் எங்கோ ஒரு நாட்டில் ஒரு பொருள் சந்தைக்கு வரலாமா என்பதைத் தீர்மானிக்கக்கூடும். எழுதாதது நடக்காதது என்பதுதான் அங்கே சட்டம்.

வேதியியல் படித்தவர்களோடு எப்படிப் போட்டியிடுவது என்று தயங்க வேண்டாம். நமக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. மனிதருக்குச் சாதாரணமான பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், ஏனென்றால் அதை மாற்றி வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஒரே பொருள் உயிருக்கு உயிர் எப்படி மாறி வேலை செய்கிறது என்பதை நாம் நாள்தோறும் கண்ணால் பார்க்கிறோம். நச்சியலின் மையமே இதுதான். விலங்கில் தீங்கு தெரியாத அதிகபட்ச அளவைக் கண்டுபிடித்து, இன வேறுபாட்டுக்குப் பத்தாலும், மனிதருக்குள் இருக்கும் வேறுபாட்டுக்கு இன்னொரு பத்தாலும் வகுக்கிறார்கள். அந்த முதல் பத்து போதுமா என்று கேட்கும் தகுதி கால்நடை மருத்துவருக்கு உண்டு, கேளுங்கள்.

ஆலைக்குள் வந்ததும், ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளைப் படிக்கப் பழகுங்கள். 16 பகுதிகள். பெரும்பாலோர் முதலுதவிப் பகுதியோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் பதினொன்றாம் பகுதிக்கு, அதாவது நச்சியல் தகவலுக்குப் போங்கள். 'தரவு இல்லை' என்று அங்கே இருந்தால், தாளை எழுதியவர் கையில் சோதனை முடிவு இல்லை என்றே பொருள். அதைத் தீங்கில்லை என்று படித்துக் கிடங்கில் அடுக்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு வரிக்காக மேலாளரோடு சண்டை போட நேர்ந்தாலும் போடுங்கள்.

2023 டிசம்பர் வடசென்னைக்கு இரண்டு பாடங்களைக் கொடுத்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் பரவியது. கூழைக்கடாக்கள் கறுத்துப் போய் நின்றன. எண்ணெய் படிந்த பறவையைக் கண்டதும் சோப்புப் போட்டுக் கழுவத்தான் எல்லாருக்கும் கை போகும். அது தவறு. அந்தப் பறவை இறகைக் கோதிக் கோதி எண்ணெயை விழுங்கியிருக்கும், குளிரில் விறைத்திருக்கும். முதலில் சூடு, பிறகு நீர்ச்சத்து. உடல் தேறிய பின்தான் கழுவல். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. ஊரே வீட்டைவிட்டு ஓடியது. அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். கண், தொண்டையின் ஈரத்தைத்தான் முதலில் தாக்கும். அதனால்தான் மூக்கில் ஈரத்துணியைப் பொத்திக்கொண்டு, காற்று வீசும் போக்கில் ஓடாமல் அதற்குக் குறுக்காக ஓடச் சொல்கிறோம். கட்டுத்தறியில் நிற்கும் மாடு ஓட முடியாது. போகிற போக்கில் கயிற்றை அவிழ்க்க முடிந்தால் அவிழ்த்துவிடுங்கள். அதற்காகத் திரும்பிப் போகாதீர்கள்.

அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆலைக்கு வெளியே விபத்து பரவினால் என்ன செய்வது என்ற திட்டத்தை மாவட்ட நிர்வாகம் வைத்திருக்க வேண்டும். அதிகாரிகளே, எண்ணூர், மணலிக்கான அந்தத் திட்டத்தை அடுத்த முறை திருத்தும்போது, தொழுவங்களையும் கணக்கில் எடுங்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு கால்நடை மருத்துவருக்கும் நாற்காலி போடுங்கள்.