வளர்ந்தோர் பெறும் ஞானஸ்நானமும் நமது விசுவாசமும்



நம்மிற் பெரும்பாலானோர் கைக்குழந்தைகளாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். அன்று பெற்றோரும் ஞானப்பெற்றோரும் விசுவாசத்தை அறிக்கையிட்டனர். நாமோ அழுதுகொண்டோ உறங்கிக்கொண்டோ இருந்தோம். முதுசமாகக் கிடைத்த காணியின் அருமை, அதைத் தேடப் பாடுபட்டவருக்குத் தெரிந்த அளவு பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. நமது விசுவாசத்துக்கும் இந்நிலை வரலாம். ஆகவே, வளர்ந்த ஒருவர் ஞானஸ்நானம் பெறுவதைக் காண்பது நமக்கெல்லாம் ஒரு பாடமாகும்.

சபை கண்ட சாட்சி

புனித அகுஸ்தீனார் தமது ‘அறிக்கைகள்’ நூலின் எட்டாம் பகுதியில் விக்ரோறினுஸ் என்பவரைப் பற்றிக் கூறுகிறார். நான்காம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த பேரறிஞர் அவர். பொதுவிடத்தில் சிலை வைத்துப் போற்றப்பட்டவர். முதுமையில் வேதாகமத்தை வாசித்து, மனத்தளவில் கிறிஸ்தவரானார். ஆனால், செல்வாக்குள்ள நண்பர்களின் பகைக்கு அஞ்சி ஆலயத்துக்குச் செல்லாதிருந்தார். சுவர்களா ஒருவனைக் கிறிஸ்தவனாக்குகின்றன என்றும் கேட்டார். பின்னர், மனிதருக்கு அஞ்சிக் கிறிஸ்துவை மறைப்பது தகாது என உணர்ந்து ஞானஸ்நானத்துக்கு முன்வந்தார்.

விசுவாசப் பிரமாணத்தைத் தனியாகச் சொல்லலாம் என்று குருக்கள் சலுகை காட்டினர். அவர் அதை ஏற்கவில்லை. சபை முழுவதும் காண மேடையேறி அறிக்கையிட்டார். அவரை அறிந்த மக்கள் மகிழ்ச்சியோடு அவரது பெயரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். 362ம் ஆண்டில், கிறிஸ்தவர்கள் கல்வி புகட்டலாகாது என்று யூலியான் பேரரசன் தடைவிதித்தபோது, விக்ரோறினுஸ் தமது ஆசிரியப் பதவியைத் துறந்தார், விசுவாசத்தைத் துறக்கவில்லை. இந்த வரலாற்றைக் கேட்டு உள்ளம் பற்றியெரிந்த அகுஸ்தீனார், 387ம் ஆண்டு பாஸ்கா இரவில் மிலான் நகரில் ஆயர் புனித அம்புறோசிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஒருவரின் சாட்சி மற்றொருவரை எழுப்பியது.

சடங்கு கற்பிப்பது

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ல், வளர்ந்தோர் படிப்படியாக ஆயத்தம் பெறும் பழைய முறையை மீண்டும் நிலைநாட்டப் பணித்தது. அதற்கான சடங்குமுறை 1972ல் வெளியாயிற்று. தபசு காலத்தின் முதல் ஞாயிறன்று ஆயத்தம் பெறுவோர் தெரிந்துகொள்ளப்படுகின்றனர். மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் அவர்களுக்காகச் சபை சிறப்பாக மன்றாடுகிறது. சமாரியப் பெண், பிறவிக் குருடன், இலாசர் ஆகியோரைப் பற்றிய சுவிசேஷங்கள் அந்நாட்களில் வாசிக்கப்படுகின்றன. தாகமுற்றவர் தண்ணீரையும், குருடர் ஒளியையும், இறந்தவர் வாழ்வையும் பெறுவதே ஞானஸ்நானம் என்று அவை நமக்குக் கற்பிக்கின்றன.

பாஸ்கா இரவில் அவர்கள் பசாசையும் பாவத்தையும் விட்டுவிடுவதாகத் தம் சொந்த வாயால் சொல்கின்றனர். தண்ணீரால் கழுவப்பட்டு, வெண்ணாடை அணிந்து, பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய ஒளியைப் பெறுகின்றனர். உறுதிப்பூசுதலும் நற்கருணையும் அதே இரவில் வழங்கப்படுகின்றன. அவ்வழிபாட்டிலேயே நாமும் எரியும் திரிகளுடன் நமது ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். அன்று நமக்காகப் பிறர் சொன்ன பதிலை இன்று நாமே சொல்கிறோம். அதை வெறும் பழக்கத்தினாலா சொல்கிறோம், முழு மனத்தோடா?

நம் மண்ணின் சாட்சிகள்

1544ம் ஆண்டில், புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் மன்னார் மக்கள் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுள் ஏறத்தாழ 600 பேர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் கட்டளையால் கொல்லப்பட்டனர். நீண்ட காலம் மறைக்கல்வி கற்றவர்களல்லர் அவர்கள், விசுவாசத்திற் புதியவர்கள். ஆயினும் தாம் பெற்றதன் மதிப்பை அறிந்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொள்ளும் நாம், ஞாயிறு பூசைக்கு மழையையும் வேலையையும் சாட்டாகச் சொல்லலாமா?

நாம் செய்யவேண்டியது

குழந்தை ஞானஸ்நானம் குறைந்ததன்று. நாம் கேட்குமுன்னரே இறைவன் நம்மைத் தேடி வந்தார் என்பதற்கு அது அடையாளம். ஆனால் அவ்வித்து முளைத்து வளரவேண்டும். அதற்காகப் பின்வருவனவற்றைக் கைக்கொள்வோம்:

1. உங்கள் ஞானஸ்நானத் திகதியைப் பங்குப் பதிவேட்டிற் கேட்டறியுங்கள். பிள்ளைகளின் பிறந்தநாளைப் போல அவர்களது ஞானஸ்நான நாளையும் வீட்டில் திரியேற்றி, செபித்துக் கொண்டாடுங்கள்.

2. பங்கில் வளர்ந்தோர் ஞானஸ்நானம் பெறும்போது குடும்பமாகச் செல்லுங்கள். சடங்கின் பொருளைப் பிள்ளைகளுக்கு முன்னதாகவே விளக்குங்கள்.

3. புதிதாய் வந்தவரைக் கைவிடாதீர்கள். இந்த விசுவாசத்துக்காக அவர் உற்றார் உறவினரின் மனக்கசப்பைத் தாங்கியிருக்கலாம். பாஸ்கா இரவில் கைகுலுக்கிவிட்டு, அடுத்த ஞாயிறு அவர் பெயரையே மறந்துவிட்டால், அவர் யாரிடம் போவார்? உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். நல்லது கெட்டதில் உடனிருங்கள்.

அவர் எதைக் கண்டு நம் திருச்சபையைத் தேடி வந்தார் என்று ஒருநாள் அவரிடமே கேட்டுப் பாருங்கள். நம் கையில் நெடுநாளாய் இருந்தும் நாம் கவனியாத செல்வத்தை அவர் நமக்குக் காட்டுவார்.