இணைப்பு மின்தேக்கி: பணியும் பழுதும்

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள ஜோகுபாளையத்திலிருந்து பழைய சென்னைச் சாலை வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் தூரவாணி நகரை அடையலாம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்துறைத் தொழிற்சாலையாக 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்தியத் தொலைபேசித் தொழிலகத்தைச் சுற்றி எழுந்த பகுதி அது. தூரவாணி என்பது கன்னடத்தில் தொலைபேசிக்கு வழங்கும் பெயர். அத்தொழிலகத்திலிருந்து நாடெங்கும் சென்ற சுழல்வட்டுத் தொலைபேசிகளுள் ஒன்றைத் திறந்து பார்ப்போர், மணியின் கம்பிச் சுருளோடு தொடராக இணைக்கப்பட்ட மின்தேக்கி ஒன்றைக் காண்பர். அதன் மின்தேக்குதிறன் ஏறத்தாழ 2 மைக்ரோஃபாரடு. பார்வைக்கு அற்பமான இவ்வுறுப்பு இல்லையேல் அத்தொலைபேசி இயங்காது.

காரணம் இது. தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் எந்நேரமும் சுமார் 50 வோல்ட் நேர்மின் அழுத்தம் நிலவும். பேசுவோர் கைக்கருவியை எடுத்தவுடன் நேர்மின்னோட்டம் பாயத் தொடங்கும். அதைக் கொண்டே நிலையம் ‘இவர் பேச விரும்புகிறார்’ என்று அறிகிறது. மணி ஒலிக்க வேண்டும்போதோ, நிலையம் அதே கம்பிகளில் சுமார் 75 வோல்ட் அளவுள்ள, வினாடிக்கு 17 முதல் 25 சுழற்சி வரையுள்ள மாறுமின்னோட்டத்தை அனுப்பும். மணிச் சுருள் நேரே கம்பிகளின் குறுக்கே இணைக்கப்பட்டிருந்தால், அதன் வழியே நேர்மின்னோட்டம் இடையறாது பாய, கைக்கருவி எடுக்கப்பட்டதாகவே நிலையம் கருதியிருக்கும். இடையில் நிற்கும் மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுத்து, மணிக்குரிய மாறுமின்னோட்டத்திற்கு மட்டும் வழிவிடுகிறது. ஆகவேதான் அம்மின்தேக்கி உட்சுற்றாகப் பழுதுற்றபோது அந்த இணைப்பு எப்போதும் ‘பேச்சில் உள்ளது’ எனத் தோன்றியது. அறுந்து பழுதுற்றபோது பேச்சு ஒருவாறு கேட்டது, மணி மட்டும் ஒலிக்கவில்லை. அனுபவமுள்ள லைன்மேன்கள் கருவியைத் திறவாமலே இவ்விரண்டையும் பிரித்தறிந்தனர்.

‘மின்தேக்கி மாறுமின்னோட்டத்தைக் கடத்தும்’ என்று பாடப்புத்தகங்கள் கூறுவது சுருக்கமான கூற்றேயன்றி முழு உண்மையன்று. இரண்டு உலோகத் தகடுகளுக்கிடையே மின்கடத்தாப் பொருள் இருக்கையில் அதனூடே மின்னூட்டம் செல்வதெங்ஙனம்? உண்மையில் ஒன்றும் குறுக்கே செல்வதில்லை. ஒரு தகட்டில் மின்னூட்டம் குவியும்போது, எதிர்த் தகட்டிலிருந்து அதற்கு ஒப்பான அளவு வெளியே தள்ளப்படுகிறது. அழுத்தம் திசை மாறும்போது அத்தள்ளுதலும் திசை மாறுகிறது. நீர்க் குழாயின் குறுக்கே ரப்பர்த் தோல் ஒன்றைக் கட்டினால், ஒரே திசையில் தள்ளப்படும் நீர் தோலைச் சற்றுப் புடைக்கச் செய்து நின்றுவிடும். முன்னும் பின்னும் அசைக்கப்படும் நீரின் அசைவோ மறுபுறத்திலும் தோன்றும். ஒரு துளியும் தோலைக் கடப்பதில்லை. அழுத்தம் மிகுந்தால் தோல் கிழியும் என்பதும் இவ்வுவமைக்குப் பொருந்தும்; மின்தேக்கியின் மேல் வோல்ட் அளவு பொறிக்கப்படுவது இதன் பொருட்டே.

இதனைப் பள்ளியில் எளிதாகச் செய்து காட்டலாம். 220 மைக்ரோஃபாரடு, 25 வோல்ட் அளவுள்ள இரண்டு மின்பகு மின்தேக்கிகளின் எதிர்முனைகளை ஒன்றாகச் சேர்த்தால், எத்திசையிலும் இணைக்கத்தக்க 110 மைக்ரோஃபாரடு மின்தேக்கி கிடைக்கும். அதனுடன் 6 வோல்ட், 0.06 ஆம்பியர் டார்ச் பல்பு ஒன்றையும் மின்னோட்டமானி ஒன்றையும் தொடராக இணைத்து, 6 வோல்ட் மின்கல அடுக்கில் பொருத்தினால், மானியின் முள் ஒருமுறை துள்ளி அடங்கும், பல்பு எரியாது. மானியை நீக்கிவிட்டு, அழைப்பு மணிக்குரிய 6 வோல்ட் மின்மாற்றியில் இணைத்தால் பல்பு நன்கு எரியும். வீட்டு மின்சாரத்தில் இதனை ஒருபோதும் நேராக இணைக்கலாகாது.

அடுத்து வானொலியின் மிகைப்பியைக் கருதலாம். பெங்களூர் ஜாலஹள்ளியில் 1954-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் வானொலி வால்வுகளையும், 1962-இல் ஜெர்மானியக் குறைகடத்திச் சாதனங்களையும் உற்பத்தி செய்யத் தொடங்கியது. ஆகவே இணைப்பு மின்தேக்கியின் இருவேறு வடிவங்களையும் ஓராண்டு இடைவெளியில் அவ்வூர்த் தொழில் சந்தித்தது எனலாம்.

வால்வு மிகைப்பியில் முதல் வால்வின் ஆனோடு 150 வோல்ட் அளவில் இருக்கும். அடுத்த வால்வின் கிரிட்டோ, கேத்தோடைக் காட்டிலும் சில வோல்ட் எதிர் அழுத்தத்தில் இருக்க வேண்டும். முன்னதில் எழும் ஒலிக்குறிப்பு பின்னதற்குச் செல்ல வேண்டும். 150 வோல்ட் செல்லலாகாது. இப்பணிக்கு 0.01 மைக்ரோஃபாரடு மின்தேக்கியும், கிரிட்டுக்கும் சேசிஸுக்கும் இடையே 470 கிலோ ஓம் மின்தடையும் வழக்கமாகப் பொருத்தப்பட்டன. இவ்விரண்டின் பெருக்கமே எத்துணைத் தாழ்ந்த சுரம் கடந்து செல்லும் என்பதை நிர்ணயிக்கிறது. மேற்கூறிய அளவுகளுக்குச் சுமார் 34 சுழற்சியில் குறிப்பு 10-இல் 7 பங்காகக் குறையும். அதற்கு மேற்பட்டவை ஏறக்குறைய முழுமையாகச் செல்லும். கைக்குக் கிடைத்தது என்று 0.001 மைக்ரோஃபாரடைப் பொருத்தினால் அவ்வெல்லை 340 சுழற்சிக்கு ஏறிவிடும். அப்போது மிருதங்கத்தின் தொப்பி மெலிந்து, ஆண்குரல் தகர டப்பாவிலிருந்து வருவதுபோல் ஒலிக்கும்.

இச்சிறு உறுப்பின் பழுது ஒலியோடு நிற்பதில்லை. பழைய வானொலிகளில் இருந்த மெழுகு தோய்ந்த காகித மின்தேக்கிகள் ஈரத்தை ஈர்த்துக் காலப்போக்கில் கசியத் தொடங்கின. கசிவுத் தடை 10 மெகா ஓம் ஆகக் குறைந்தது எனக் கொள்வோம். சாதாரண வேலைக்கு அது பெருந்தடையே; ஆயின் 150 வோல்ட் அழுத்தம் 10 மெகா ஓமுக்கும் 470 கிலோ ஓமுக்கும் இடையே பங்கிடப்படும்போது கிரிட்டில் 6.7 வோல்ட் நேர் அழுத்தம் சேர்கிறது. வெளியீட்டு வால்வுக்கு வேண்டிய எதிர் அழுத்தமே 7 வோல்ட் அளவினதாயின், அதன் பெரும்பகுதி அழிந்துவிடும். வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துச் சிவக்கும். சில வேளைகளில் வெளியீட்டு மின்மாற்றியும் கருகும். சில ரூபாய் மின்தேக்கியை மாற்றாது புதிய வால்வை மட்டும் பொருத்துவோர், அதனையும் விரைவில் இழப்பர். பழைய பெட்டியைப் புதுப்பிக்க முனையும் ஆசிரியர் முதலில் மாற்ற வேண்டியது இதுவே. இன்று கிடைக்கும் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் மின்தேக்கி 400 வோல்ட் அளவினதாக இருத்தல் நலம்.

சோதிக்கும் முறையும் கடினமானதன்று. மின்மாற்றியுள்ள பெட்டியில் வெளியீட்டு வால்வைக் கழற்றிவிட்டு, கிரிட்டின் முனைக்கும் சேசிஸுக்கும் இடையே உயர்தடை வோல்ட்மானியை வைத்துப் பார்த்தால், முள் நேர்ப்பக்கம் நிலைத்து நின்றால் மின்தேக்கி கசிகிறது என்று பொருள். வால்வைக் கழற்றாது பார்த்தால் வால்வின் சொந்தக் கோளாறும் அவ்வாறே காட்டக்கூடும். மின்மாற்றி இல்லாத ஏ.சி./டி.சி. பெட்டிகளில் இம்முறை பயன்படாது. அவற்றின் வால்வு இழைகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றைக் கழற்ற எல்லாம் அணையும். அங்கே மின்தேக்கியின் கிரிட்டுப் பக்க முனையை விடுவித்து அம்முனையிலேயே அளத்தல் வேண்டும். அப்பெட்டிகளின் சேசிஸ் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்புடையது. ஆதலின் பெட்டியைத் திறப்போர், காப்பு மின்மாற்றி ஒன்றின் வழியாகவன்றி அதற்கு மின்சாரம் அளிக்கலாகாது.

டிரான்சிஸ்டர் வந்தபின் கணக்கு மாறியது. வால்வின் கிரிட்டு மின்னோட்டத்தை ஏறக்குறைய வாங்குவதே இல்லை. டிரான்சிஸ்டரின் பேஸோ ஓரிரு கிலோ ஓம் அளவே எதிர்ப்புடையது. 1.5 கிலோ ஓம் எதிர்ப்புக்கு முன்னே 0.01 மைக்ரோஃபாரடை வைத்தால் எல்லை 10,000 சுழற்சியைத் தாண்டிவிடும்; பேச்சே கேளாது. 10 மைக்ரோஃபாரடு வைத்தால் அது 11 சுழற்சிக்கு இறங்கும். சிறு உருவில் இவ்வளவு திறன் மின்பகு மின்தேக்கியிலேயே எளிதிற் கிட்டியது. ஆனால் அதற்கு நேர்முனை, எதிர்முனை என்ற பேதம் உண்டு. ஜெர்மானிய பி.என்.பி. சுற்றுகளில் கலெக்டர் எதிர் அழுத்தத்தில் இருப்பதால் மின்தேக்கியின் நேர்முனை அடுத்த டிரான்சிஸ்டரின் பேஸை நோக்கும்; இக்காலச் சிலிக்கன் என்.பி.என். சுற்றுகளில் அது கலெக்டரை நோக்கும். பழைய சுற்றுப்படத்தைப் பார்த்துப் புதிய உறுப்புகளால் செய்யும் மாணவர் தவறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். இன்றைய கணிப்பொறியின் அதிவேகத் தடங்களில், கணக்கு வேறாயினும் பணி மாறாமல், 0.1 மைக்ரோஃபாரடு அளவிலான கடுகளவு மின்தேக்கிகள் வரிசையாக நிற்கின்றன.

இதே உறுப்பின் பெருவடிவத்தைத் துணைமின் நிலையங்களில் காணலாம். உயரழுத்த மின்கம்பிகளின் வழியாகவே பேச்சையும் காப்புச் சைகைகளையும் அனுப்பும் முறையில், ஆளுயரத்திற்கும் மேற்பட்ட பீங்கான் தூணுள் அடைக்கப்பட்ட இணைப்பு மின்தேக்கி கம்பியோடு பிணைக்கப்படுகிறது. ஒளியிழை பரவிய பின்னரும் இம்முறை முற்றும் மறைந்துவிடவில்லை. மின்தேக்குதிறன் 4,400 பிக்கோஃபாரடு எனக் கொண்டால், 50 சுழற்சியில் அதன் மின்மறுப்பு 7 லட்சம் ஓமுக்கு மேல். ஒரு லட்சம் சுழற்சியுள்ள சைகைக்கோ சுமார் 360 ஓம். 220 கிலோவோல்ட் கம்பியிலிருந்து ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மிகுந்த மின்னோட்டம் இதன் வழியே எப்போதும் இறங்கி, அடியிலுள்ள வடிகால் சுருளின் வழியாகத் தரையைச் சேர்கிறது. அச்சுருளோ அதன் தரையிணைப்போ அறுந்தால், தூணின் அடிமுனை கம்பியின் அழுத்தத்தை நோக்கி உயரத் தொடங்கும். எனவே அதன் அடியிலுள்ள பொருத்துப் பெட்டியைத் திறக்குமுன் தரையிணைப்புச் சாவியை மூடுவதும், அது மூடியதைக் கண்ணால் உறுதி செய்வதும், வேலை முடியும்வரை அதனைத் திறவாதிருப்பதும் களப்பணியாளரின் கட்டாயக் கடமை.