பலகையில் ஒரு முத்திரை

பெங்களூர் பீன்யாவில் ஒரு பட்டறை. அங்கே பேலட் செய்கிறார்கள். பேலட் என்பது சரக்கை வைத்துக் கட்டும் மரத்தட்டு. அது சரக்கோடு வெளிநாடு போகும்.

ஒரு பேலட்டில் பலகை உடைந்திருந்தது. தச்சர் மூலையில் கிடந்த பலகையை எடுத்தார்.

“அண்ணே, அதில் முத்திரை இல்லையே” என்றார் கூட வேலை செய்யும் பெண். அவர் புதிதாக எழுத்துக் கற்றவர்.

முத்திரை எதற்கு? மரத்துக்குள் புழு இருக்கலாம். அது கப்பலேறிப் போய் வேறு நாட்டு மரங்களை அழிக்கும். 1996-ல் நியூயார்க் நகரில் ஓர் ஆசிய வண்டைக் கண்டார்கள். சரக்குக் கட்டிய மரத்தோடு வந்த வண்டு அது. அங்கே ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று.

2002-ல் உலக நாடுகள் ஒரு விதி செய்தன. மரத்தின் பட்டையை உரிக்க வேண்டும். சூடு காட்டும் முறையில் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏற வேண்டும். அந்தச் சூடு 30 நிமிடம் குறையக் கூடாது. பிறகுதான் முத்திரை.

முத்திரையில் கோதுமைக் கதிர்ப் படம் இருக்கும். ஐ, என் என்ற ஆங்கில எழுத்துகள் இந்தியாவைக் குறிக்கும். எச், டி என்றால் சூடு காட்டிய மரம்.

முத்திரை இல்லாத பலகை ஒன்று இருந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடலாம். எல்லாருடைய உழைப்பும் வீண்.

தச்சர் பலகையைக் கீழே வைத்தார். முத்திரை உள்ள பலகையைத் தேடி எடுத்தார்.

உங்கள் பகுதியில் பேலட் இருக்கிறதா? அதன் முத்திரையைப் படியுங்கள்.