வீணாப்போன கிழங்கு யாருடைய பிரச்சினை?



கான்ட்ராக்ட்டில் போற இடமெல்லாம் முதல் நாளே ரெக்கொயர்மென்ட் டாக்குமென்ட் கையில கொடுத்துடுவாங்க. அதை எழுதினவர் யூசரை நேர்ல பார்த்தாரான்னு நாம கேட்கிறதில்லை. போட்காஸ்ட்டில் சொன்ன இனவரைவியல் அந்த இடத்துலதான் உதவும். மக்கள் வாழுற இடத்துக்கே போய், கூட இருந்து, அவங்க வேலையை அவங்க பார்வையில் புரிஞ்சுக்கிற முறை அது.

ஒரு உதாரணம். 1970களில், பெரு நாட்டின் லிமாவில் இருக்கும் சர்வதேச உருளைக்கிழங்கு மையம். சிறு விவசாயிகள் சேமிக்கிற கிழங்கு நிறைய வீணாகுது, நல்ல கிடங்கு வேணும் என்று விஞ்ஞானிகள் நினைத்தார்கள். மையத்தின் மானிடவியலாளர்கள் மந்தாரோ பள்ளத்தாக்கு வீடுகளுக்குப் போய்ப் பேசினார்கள். அங்கே கதை வேறு. சுருங்கின கிழங்கு இனிப்பா இருக்கும் என்றார்கள் சமைக்கிற பெண்கள். அடிபட்ட கிழங்கு பன்றிக்குத் தீனி. வீண் என்று எதுவும் இல்லை.

விவசாயிகளின் கவலை விதைக்கிழங்கு. புது ரகங்களை இருட்டறையில் வைத்தால் முளை நீளமா வளரும். நடுவதற்கு முன் அதையெல்லாம் ஒடிக்கணும்.

தீர்வு எளிது: நேர் வெயில் படாத, பரவலான வெளிச்சத்தில் வைத்தால் முளை குட்டையா, உறுதியா வரும். கிழங்கு பச்சையாகிவிடும், சாப்பிட முடியாது, விதைக்குச் சரி. ஆனால் தனிக் கிடங்கு கட்ட விவசாயிகளுக்கு விருப்பமில்லை. வீட்டோடு இருந்தால்தான் வசதி, பாதுகாப்பு. அதனால் டிசைன் மாறியது. மாதிரிக் கிடங்கை அப்படியே காப்பி அடிக்காமல், வெளிச்சம் என்ற கருத்தை மட்டும் எடுத்துத் தங்கள் வீட்டுக்கு ஏற்றபடி செய்துகொண்டார்கள்.

ராபர்ட் பூத், ராபர்ட் ரோட்ஸ் இருவரும் 1982இல் இதை ஒரு மாடலாகவே எழுதினார்கள்: வேலை விவசாயியிடம் தொடங்கி விவசாயியிடமே முடியணும்.

நாம எடுத்துக்க மூணு பழக்கம்:

1. "என்ன பிரச்சினை?" என்று கேட்காதீங்க. "நேத்து என்ன செஞ்சீங்க, காட்டுங்க" என்று கேளுங்க.
2. அவங்க சொல்லையே குறிச்சுக்கோங்க. உங்க "நஷ்டம்" அவங்களுக்குத் தீனியா இருக்கலாம்.
3. செஞ்சதைத் திரும்பக் கொண்டுபோங்க. அவங்க எதை மாத்தினாங்கன்னு பாருங்க. அதுதான் அடுத்த வெர்ஷன்.

ஊர் விவசாயிகளுக்கு ஆப் செய்யணும்னு உங்கள்ல பலருக்கு ஆசை இருக்கு. நல்ல ஆசை. லேப்டாப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி, அடுத்த லீவில் ஒரு நாள் முழுக்க வயல்ல ஒருத்தர் கூட இருங்க. என்ன பார்த்தீங்கன்னு எழுதி அனுப்புங்க.