வெள்ளிக்கிழமை வந்துவிடும்

வடக்கு உத்திர வீதி,
ஸ்ரீரங்கம்.

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று சாயங்காலம் உன் அப்பா சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி நேரே இங்கே வந்துவிட்டார். கொடுத்த காப்பி ஆறி ஆடை படியும்வரை தொடவில்லை. "ரெண்டு பேப்பர் அரியராம். அது கிடக்கட்டும், திரும்ப எழுதிக்கலாம். நாலு மாசமா ரிசல்ட்டே வரலைன்னு சொல்லிக்கிட்டிருந்தாளே" என்றார். கேட்டபோது நீ 'சாமி சத்தியமா' என்றாயாம். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. இரண்டு நாளாக நீ யார் போனையும் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆறு வயதில் பங்குனி உத்திரத்துக்கு இங்கே வந்திருந்தாய். தாயார் சன்னிதிக்கு எதிரே, கம்பர் மண்டபத்துப் பக்கம், என் தோளில் உட்கார்ந்துகொண்டு, "பெருமாளை ஏன் உள்ளே விடமாட்டேங்கிறாங்க?" என்று கேட்டாய். கூட்ட நெரிசலில் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை.

பங்குனித் திருவிழாவின் ஆறாம் நாள் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்குப் போவார். அங்கே கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி. இங்கே ரங்கநாயகித் தாயாரிடம் சொல்லாமல் போனது. தாயார் படிதாண்டாப் பத்தினி, வெளியே வந்து விசாரிக்க மாட்டார். ஆனால் செய்தி வந்து சேராமல் இருக்குமா? ஒன்பதாம் நாள் உத்திரத்தன்று பெருமாள் வாசலுக்கு வரும்போது கதவைச் சாத்திவிடுவார்கள். பூவும் வெண்ணெயும் பறக்கும். அதைத்தான் மட்டையடி என்கிறோம். பெரியவர்கள் பிரணய கலகம் என்பார்கள்.

இரு தரப்புக்கும் பேச ஆள் உண்டு. கண் ஏன் சிவந்திருக்கிறது, முடி ஏன் கலைந்திருக்கிறது என்று தாயார் தரப்பில் கேட்கக் கேட்க, பெருமாள் தரப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வரும். மோதிரம் தொலைந்தது, தேடப் போனேன் என்பதும் அதில் ஒன்று. எதுவும் எடுபடாமல் போகவே, பேச்சு சத்தியத்துக்கு வந்துவிடும். கடலில் மூழ்கிக் காட்டட்டுமா, பாம்புக் குடத்தில் கை விடட்டுமா என்பார். பாற்கடலில் படுத்திருப்பவரைக் கடல் என்ன செய்யும், ஆதிசேஷன் மேல் தூங்குகிறவரைப் பாம்பு என்ன செய்யும் என்று இங்கிருந்து பதில் போகும். எத்தனை வருஷம் கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும். சத்தியம் பண்ணுகிறவருக்கு அதில் இழக்க ஒன்றுமில்லை என்றால் அந்தச் சத்தியத்துக்கு என்ன விலை? சாமி வந்து கண்ணைக் குத்தாது என்று உனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

கடைசியில் நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் செய்த பிறகுதான் கதவு திறக்கும். அதன் பிறகு தாயாரும் பெருமாளும் சேர்ந்து உட்காருவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். அந்தச் சேர்த்திக்கு முன்னால் நின்றுதான் ராமானுஜர் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்தார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லி வருவது. முதலில் தாயாரிடம் போகிறார், பிறகு பெருமாளிடம். மனத்தாலும் வாக்காலும் உடம்பாலும் செய்த பிழை, செய்துகொண்டிருக்கும் பிழை, இனிமேல் செய்யப்போகும் பிழை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள் என்கிறார். ஏன் செய்தேன் என்று ஒரு காரணம்கூடச் சொல்லவில்லை. காலையில் அவ்வளவு சமாதானமும் சத்தியமும் கேட்ட அதே இடத்தில் இப்படி ஒரு பேச்சு! இரண்டையும் ஒரே நாளில் வைத்திருக்கிறது இந்த ஊர்.

உன்னைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. கல்யாணமான இரண்டாம் வருஷம், ஒரு சிநேகிதியின் அவசரத்துக்காக என் இரண்டு வளையலை அடகு வைத்தேன். மாமாவிடம் சொல்லியிருந்தால் அவரே கொடுத்திருப்பார். ஆசாரியிடம் பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்றேன். மூன்று வெள்ளிக்கிழமை போனது. ஒருநாள் ராத்திரி ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "வளையல் என்னைக்கு வருது?" என்றார். "வெள்ளிக்கிழமை வந்துவிடும்" என்றேன். பிசைகிற கை ஒரு கணம் நின்றது. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்தபடி, "ஆசாரியைக் காலைல அம்மா மண்டபத்துல பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. வளையலை மீட்க ஒரு வாரம் ஆனது. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல், நான் காய்கறிக் கணக்குச் சொன்னால்கூட என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். அந்த ஒரு நொடியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

தெரிந்துகொண்டுதான் அவர் கேட்டிருக்கிறார். நானாகச் சொல்ல ஒரு வழி விட்டுப் பார்த்திருக்கிறார். உன் அப்பாவும் ஒரு மாதமாக "ரிசல்ட் வந்ததாம்மா?" என்று கேட்டது அப்படித்தான். உன் தோழியின் அப்பா அவருக்கு முன்பே சொல்லிவிட்டாராம்.

அவரிடமும் நான் பேசிவிட்டேன். மார்க் என்ற சொல்லைக் கேட்டதுமே போலீஸ்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் பிள்ளை எப்படி வாய் திறப்பாள் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. இனி உன் முறை. வாட்ஸ்ஆப்பில் நீளமாக எழுதி அனுப்பாதே. அதைப் படிக்கும்போது அவர் முகம் உனக்குத் தெரியாது. நேரில் வா. நடந்தது எதுவோ அதை முதலில் சொல்லு: "ரெண்டு பேப்பர் போயிடுச்சுப்பா, உங்ககிட்ட பொய் சொன்னேன்." அதோடு நிறுத்திக்கொள். பாடம் புரியவில்லை, ஹாஸ்டலில் தூக்கமில்லை என்பதெல்லாம் நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அவர் கேட்டால் மட்டும் சொல்லு. முந்திக்கொண்டு சொன்னால் அதுவும் தொலைந்த மோதிரம் மாதிரிதான் அவர் காதில் விழும். கத்தினால் கத்தட்டும். நடுவில் போனைப் பார்க்காதே.

நடுவில் நின்று சமாதானம் பேச நான் இருக்கிறேன். உனக்குப் பதிலாக நான் ஒப்புக்கொள்ள முடியாது, அது உன் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். நீ சனிக்கிழமை ராத்திரியே ரயிலில் வந்து ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறங்கு, மாமா வந்து நிற்பார். ஞாயிற்றுக்கிழமை இலை போடுவதற்கு முன்னால் உங்கள் இருவரையும் திண்ணையில் விட்டுவிட்டு நான் அடுக்களைக்குப் போய்விடுவேன். அப்பளம் பொரிக்க எனக்கு நிறைய நேரமாகும்.

அன்புடன்,
அத்தை