கடைசிப் பத்துப் படிகள்

அப்பா சாகும் காட்சி. நாற்காலியில் சாய்ந்தவர் மேல் விழும் ஒளி 20 நொடியில் மெல்ல அடங்கவேண்டும் என்றார் இயக்குநர். டியூப் லைட் எரிய எரிய ஒத்திகை பார்த்தோம்; குறையொன்றும் தெரியவில்லை. நாடகத்தன்று முழு இருட்டில், அந்த எல்.இ.டி. விளக்கு படிக்கட்டில் இறங்குவதுபோல் தட்டுத்தட்டாகக் குறைந்து பட்டென்று அணைந்தது. முன்வரிசையில் ஒரு பையன் சிரித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். விளக்குகளைக் கட்டுப்படுத்த 1986-ல் வந்த டி.எம்.எக்ஸ். 512 முறையில் ஒரு கேபிளில் 512 சேனல்கள். ஒவ்வொரு சேனலும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைத்தான் சொல்லும். விளக்கு இருந்தது 40 சதவீதத்தில், அதாவது 102. இருபது நொடியில் 102 படி என்றால் நொடிக்கு ஐந்துதான். நல்ல வெளிச்சத்தில் ஒரு படி குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போதோ, இருக்கிற ஒளியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

ஆலஜன் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. டங்ஸ்டன் இழை சூடு ஆறக் கொஞ்சம் நேரம் எடுக்கும். படிகளை அதுவே மழுப்பிவிடும். மங்க மங்கச் சிவக்கவும் செய்யும். எல்.இ.டி.யில் அது கிடையாது, முகம் சாம்பல் பூத்துவிடும். அதனால் மற்ற நிறங்களை முன்னே இறக்கி, ஆம்பரைச் சற்றுப் பின்தங்கவிடுகிறேன்.

இப்போது விளக்கு வாடகைக்கு வந்ததும் அதன் மெனுவைத்தான் முதலில் திறக்கிறேன். டிம்மர் வேகம், டிம்மர் வளைவு என்று இருந்தால் நிதானமானதைத் தேர்ந்துகொள்வேன். 16 பிட் வசதி இருந்தால் யோகம்: இரண்டு சேனலைத் தின்றாலும் 65,536 படிகள் தரும். பிறகு அரங்கை முழுக்க இருட்டாக்கி, கடைசிப் பத்துப் படிகளை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். கல்கத்தாவில் ஒளியமைப்பாளர் தாபஸ் சென் 1959-ல் 'அங்கார்' நாடகத்துக்காகச் சுரங்கத்தில் வெள்ளம் ஏறுவதை ஒளியாலேயே காட்டினார், கணினிப் போர்டு எதுவும் இல்லாமல். நமக்கு மெனுவைத் திறக்கவே சோம்பல்.

விளக்குகள் தானாகத் துடித்தால் போர்டைத் திட்டாதீர்கள். சவுண்டுக்காரரிடம் இரவல் வாங்கிய மைக் கேபிள் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி விளக்கின் அவுட்டில் டெர்மினேட்டர் செருகுங்கள். ஒரு பிளக்கில் 2, 3 பின்களுக்கு இடையே 120 ஓம் ரெசிஸ்டர் வைத்துப் பற்றவைத்தால் போதும், சில ரூபாய் செலவு.

சாவுக் காட்சிக்கு மட்டும் இன்றும் பழைய ஆலஜன் பார் விளக்குகள் இரண்டு கொண்டுபோகிறேன். ஒவ்வொன்றும் 1000 வாட். நீங்களும் கொண்டுபோவதானால், அரங்கின் மின் இணைப்பு தாங்குமா என்று அங்கிருக்கும் எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.